பழைய எஸ்யூவி வாங்கப் போறீங்களா? பேரைப் பார்க்காதீங்க, வண்டியைப் பாருங்க

இன்ஜினியரிங் சேர்ந்துட்டாலே சொந்தக்காரங்க ஒரு வேலை கொடுப்பாங்க. "நீ இன்ஜினியரிங்தானே படிக்கிற? செகண்ட் ஹேண்ட்ல ஒரு வண்டி பார்த்திருக்கோம், வந்து பார்த்துச் சொல்லுப்பா." நீங்க கம்ப்யூட்டர் சயின்ஸ் படிச்சாலும் விட மாட்டாங்க. ஆனா அந்த நாலஞ்சு லட்சம் பல வீடுகளில் மொத்தச் சேமிப்பு. நீங்க தலையாட்டினா அதை நம்பி அட்வான்ஸ் கொடுத்துடுவாங்க. அதனால தெரிஞ்சு தலையாட்டுவோம்.

முதல் விஷயம்: "எந்த மாடல் நல்ல மாடல்?" என்பது பாதிக் கேள்விதான். ஒழுங்கா ஆயில் மாத்தின சுமாரான மாடல், கவனிக்காம விட்ட நல்ல மாடலை விட அதிக நாள் ஓடும். எனவே வண்டியையே கேள்வி கேட்கணும்.

ஏன் டூ வீல் டிரைவ், ஏன் மேனுவல்?

ஃபோர் வீல் டிரைவில் டிரான்ஸ்ஃபர் கேஸ், இன்னொரு டிஃபரன்ஷியல், கூடுதல் ஷாஃப்ட் எல்லாம் வரும். தார் ரோட்டில் அதனால் பெரிய பயன் இல்லை. எடையும் செலவும்தான் கூடும். மேனுவல் கியரில் முதலில் தேயறது கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங். இதை மாத்த எந்த ஊரிலும் மெக்கானிக் இருக்கார். முக்கியமா, இந்த வண்டியின் கோளாறுகளில் பாதியை நம்ம காதும் காலுமே கண்டுபிடிச்சுடும்.

முன் சக்கரமா, பின் சக்கரமா?

டூ வீல் டிரைவிலும் ரெண்டு வகை. பிரெஸ்ஸா, கிரெட்டா, ஈகோஸ்போர்ட், டஸ்டர் போன்றவற்றில் இன்ஜின் முன் சக்கரத்தை இழுக்கும் (டஸ்டரில் ஆல் வீல் டிரைவும் வந்தது, பார்த்து வாங்குங்க). பொலேரோ, ஸ்கார்பியோவில் பவர் நீள ஷாஃப்ட் வழியா பின் சக்கரத்துக்குப் போகும். சோதனையும் மாறும்.

முன் சக்கர வண்டியில் ஸ்டியரிங்கை முழுசா ஒடிச்சு மெதுவா வட்டமடிங்க. டக் டக்னு சத்தம் வந்தால் சி.வி. ஜாயின்ட் தேஞ்சிருக்கு. சக்கரத்துக்கு உள்பக்கம் குனிஞ்சு ரப்பர் பூட் கிழிஞ்சிருக்கான்னும் பாருங்க. பின் சக்கர வண்டியில் ஃபர்ஸ்ட் கியரிலிருந்து ரிவர்ஸ் மாத்தி கிளட்சை விடும்போது 'டங்'னு அடிச்சால் யுனிவர்சல் ஜாயின்ட்டை சந்தேகப்படுங்க. வேகம் ஏற ஏற பின்னாலிருந்து ஊளைச் சத்தம் வந்தால் டிஃபரன்ஷியலை.

காலையில் போங்க, ஸ்டார்ட் பண்ணாம வைக்கச் சொல்லுங்க

போனதும் பானெட்டைத் தொட்டுப் பாருங்க. சூடா இருந்தால் நீங்க வரதுக்கு முன்னாடியே ஸ்டார்ட் பண்ணிட்டாங்க. இன்னொரு நாள் வாங்க. குளிர்ந்த இன்ஜின்தான் உண்மையைச் சொல்லும். நீலப் புகை என்றால் ஆயில் எரியுது. கெட்டியான கறுப்புப் புகை என்றால் இன்ஜெக்டர், ஏர் ஃபில்டர், டர்போ என்று தேடணும். சூடானதுக்கு அப்புறமும் நிக்காத வெள்ளைப் புகை என்றால் கூலன்ட் உள்ளே போகுதான்னு பார்க்கணும். ஐடிலில் ஆயில் மூடியைத் திறங்க. அங்கிருந்து புகை 'புஸ் புஸ்'னு வேகமா தள்ளினால் பிஸ்டன் ரிங் தேஞ்சிருக்க வாய்ப்பு அதிகம்.

கிளட்ச், கியர்

சமதள ரோட்டில், தேர்ட் கியரில், 35 கிலோமீட்டர் வேகத்தில் ஆக்சிலரேட்டரை முழுசா மிதிங்க. ஆர்.பி.எம். ஏறி வேகம் ஏறலைன்னா கிளட்ச் வழுக்குது. அடுத்து நியூட்ரலில் நிறுத்துங்க. கிளட்சை மிதிச்சால் சத்தம் வருதா? ரிலீஸ் பேரிங். மிதிச்சால் சத்தம் நின்னு, விட்டால் வருதா? கியர்பாக்ஸ் உள்ளே இருக்கிற பேரிங். இது பெரிய செலவு. கியர் விழும்போது கரகரத்தால் சின்க்ரோ தேஞ்சிருக்கு.

கேட்க மறக்கும் கேள்வி: பெல்ட்டா, செயினா?

பிரெஸ்ஸாவின் 1.3 லிட்டர் டீசலில் டைமிங் செயின். டஸ்டரின் 1.5 லிட்டர் டீசலில் டைமிங் பெல்ட். பெல்ட்டை உரிய காலத்தில் மாத்தலைன்னா ஒருநாள் அறுந்து வால்வும் பிஸ்டனும் மோதும். மாத்தின பில் இல்லைன்னா அந்தச் செலவை விலையில் கழிங்க.

நின்னுபோன மாடல் மலிவா கிடைக்கும். மறைமலை நகரில் தயாரான ஈகோஸ்போர்ட் அப்படித்தான். ஃபோர்டு 2021-ல் இந்தியாவில் தயாரிப்பை நிறுத்துவதா அறிவிச்சது. வாங்கவே கூடாதுன்னு இல்லை. ஆனா முதலில் உங்க ஊர் ஸ்பேர் கடையில் ஹெட்லைட், கிளட்ச் செட் விலையும், எத்தனை நாளில் வரும்னும் கேளுங்க.

தண்ணியில் நின்ன வண்டியா?

சென்னை 2015-லும் 2023-லும் மூழ்கியது ஞாபகம் இருக்கா? சீட் பெல்ட்டை கடைசி வரை இழுங்க. அடியில் சேற்றுக்கறை இருக்கும். சீட் தண்டவாளத்தில் துரு, கார்பெட்டில் பூஞ்சை வாசனை இருந்தால் நன்றி சொல்லிட்டு வந்துடுங்க. ஈரம் பட்ட வயரிங் பின்னாடிதான் தொல்லை கொடுக்கும்.

டயரில் கடைசி நாலு இலக்கத்தையும் படிங்க. 2319 என்றால் 2019-ன் 23-வது வாரம். மீட்டரில் 30,000 கிலோமீட்டர்தான், ஆனா டயர் ரெண்டாவது செட், பெடல் ரப்பர் வழுவழுன்னா அந்த மீட்டரை நம்பாதீங்க.

பேப்பர்

ஆர்.சி.யில் உள்ள சேசிஸ் எண்ணும் வண்டியில் அடிச்ச எண்ணும் ஒண்ணா இருக்கணும். லோன் இருந்திருந்தால் பேங்க்கின் என்.ஓ.சி.யும் ஃபார்ம் 35-ம் கேளுங்க. பேர் மாத்த ஃபார்ம் 29, 30. பாக்கி அபராதம் இருக்கான்னும் ஆன்லைனில் பாருங்க. வெளிமாநில வண்டி என்றால் மறுபதிவும் இங்கே கட்டவேண்டிய ரோடு டாக்ஸும் சேர்த்துத்தான் உண்மையான விலை.

இத்தனையும் சரியா? அப்பவும் அன்னைக்கே அட்வான்ஸ் வேண்டாம். நமக்கு சம்பந்தமில்லாத ஒரு மெக்கானிக்கிடம் கூலி கொடுத்து, வண்டியைத் தூக்கி அடியில் காட்டுங்க. "வேற பார்ட்டி வந்துட்டிருக்கு சார்"னு அவசரப்படுத்தினால் அந்தப் பார்ட்டிக்கே விட்டுடுங்க. "மாமா, இது வேண்டாம்"னு சொல்ல வேண்டிய இடத்தில் சொல்றதும் நாம படிச்ச படிப்புக்கு மரியாதைதான்.