சிப் பக்கமா, சாஃப்ட்வேர் பக்கமா?

கேள்வி: இ.சி.இ. இறுதியாண்டு படிக்கிறேன். கணினிப் பாதுகாப்பில் ஆராய்ச்சி செய்து பேராசிரியராக ஆசை. "சிப், சாஃப்ட்வேர் இரண்டில் ஒன்றைப் பிடித்துக்கொள்" என்கிறார் எங்கள் ஆசிரியர். பிஎச்.டி. முடியும்வரை வருமானத்துக்கு என்ன வழி என்று வீட்டில் கவலைப்படுகிறார்கள். நான் என்ன செய்ய?
- வாசகி, திருநெல்வேலி

பதில்: இரண்டையும் பிடித்துக்கொள்ளுங்கள். இந்தத் துறையின் பெரிய கண்டுபிடிப்புகள் பல, இரண்டும் சந்திக்கும் எல்லையில்தான் கிடைத்திருக்கின்றன.

2018 ஜனவரியில் வெளியான 'ஸ்பெக்டர்' என்ற பிராசசர் குறையைப் பாருங்கள். இன்றைய பிராசசர் வேகத்துக்காக, ப்ரோகிராம் அடுத்து எந்த வழியில் போகும் என்று ஊகித்து, அந்த வேலையை முன்கூட்டியே செய்துவிடுகிறது. ஊகம் தவறினால் விடையைத் தள்ளிவிடும். ஆனால் அதற்காகக் கேச் நினைவகத்துக்கு வந்த தரவு அங்கேயே இருக்கும். எந்தத் தரவு விரைவாகக் கிடைக்கிறது என்று நேரத்தை அளந்தே ரகசியத்தைக் கண்டுபிடித்துவிடலாம். ப்ரோகிராமில் பிழையே இல்லாதபோதும் இது நடக்கும். ப்ரோகிராமை மட்டும் படித்தவர் கண்ணுக்கு இது தென்படாது. சிப் வடிவமைப்பாளருக்கோ அது வெறும் வேக உத்தி.

குறையைக் கண்டுபிடிப்பதோடு வேலை முடிவதில்லை. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகமும் எஸ்.ஆர்.ஐ. நிறுவனமும் 2010-இல் 'செரி' திட்டத்தைத் தொடங்கின. நினைவகத்தில் ஓர் இடத்தைச் சுட்டும் ஒவ்வொரு பாயின்டரும் தன் எல்லையைத் தாண்டாதபடி வன்பொருளே காவல் காக்கும் ஏற்பாடு அது. அதற்காகப் பிராசசர், கம்பைலர், ஆபரேட்டிங் சிஸ்டம் மூன்றையும் சேர்த்தே மாற்ற வேண்டியிருந்தது. அந்த ஏற்பாட்டைக் கொண்ட, ஆர்ம் நிறுவனத்தின் 'மொரெல்லோ' சோதனை போர்டு 2022-இல்தான் வந்தது. இவ்வளவு பொறுமை உங்களுக்கு இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி.

இதைக் கற்கத் தொலைவு போக வேண்டியதில்லை. சென்னை ஐ.ஐ.டி. ரிஸ்க்-ஃபைவ் என்ற திறந்த கட்டளைத் தொகுப்பின் அடிப்படையில் உருவாக்கிய 'சக்தி' பிராசசரின் வடிவமைப்பு யாரும் எடுத்துப் படிக்கும்படி திறந்தே இருக்கிறது. கரக்பூர் ஐ.ஐ.டி.யிலும் வன்பொருள் பாதுகாப்பில் வலுவான குழு உண்டு.

வருமானத்தைப் பற்றி வீட்டாருக்குச் சொல்லுங்கள்: ஐ.ஐ.டி.களில் பிஎச்.டி. உதவித்தொகை 2023-இல் உயர்த்தப்பட்டபடி மாதம் 37,000 ரூபாய், மூன்றாம் ஆண்டு முதல் 42,000. ஐ.டி. வேலையில் இதைவிடக் கூடக் கிடைக்கலாம். வீட்டுக் கடன் உங்கள் தோளில் இருந்தால் சில ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு வருவதில் தவறே இல்லை.

இப்போதே கேட் தேர்வுக்குப் படியுங்கள். சி, அசெம்பிளி, வெரிலாக் மூன்றும் கைவசம் இருக்கட்டும். வெளியான ஒரு கேச் தாக்குதலை உங்கள் சொந்த லேப்டாப்பிலேயே செய்து பாருங்கள். பிறர் கணினியில் கை வைக்காதீர்கள். புதிய ஓட்டை கண்ணில் பட்டால் முதலில் தயாரிப்பாளருக்குத் தெரிவியுங்கள். ஸ்பெக்டரைக் கண்டவர்கள் 2017 ஜூனிலேயே நிறுவனங்களிடம் சொல்லிவிட்டு, தீர்வு தயாராக மாதக்கணக்கில் காத்திருந்தார்கள்.

கடைசியாக, கல்லூரியின் பெயரைப் பார்த்து மட்டும் சேராதீர்கள். வழிகாட்டியின் அண்மைக் கட்டுரைகளைப் படியுங்கள், அவருடைய மாணவர்களிடம் பேசுங்கள், அதன்பிறகு விண்ணப்பியுங்கள்.