கைப்பேசி விளையாட்டுகளில் அதிர்ஷ்டப் பெட்டி: தாத்தா பாட்டிகள் தெரிந்துகொள்ள வேண்டியவை

பேரப்பிள்ளைகள் கைப்பேசியில் விளையாடும்போது திடீரென்று எரிச்சலடைவதை நீங்கள் பார்த்திருக்கலாம். "இவ்வளவு காசு போட்டும் அது வரவே இல்ல!" என்று புலம்புவார்கள். போட்டியில் தோற்றதால் வந்த கோபம் என்று நமக்குத் தோன்றும். ஆனால், விளையாட்டுக்குள் காசு கொடுத்து அதிர்ஷ்டப் பெட்டி வாங்கி, ஆசைப்பட்டது கிடைக்காமல் போனதும் காரணமாக இருக்கலாம். இந்தப் பெட்டிகள் எப்படி வேலை செய்கின்றன, வீட்டில் நாம் என்ன செய்யலாம் என்பதை இந்தப் பாடத்தில் பார்ப்போம்.

அதிர்ஷ்டப் பெட்டி என்பது என்ன?

அந்தக் காலத்து மளிகைக் கடைகளில் தொங்கிய திக்கம்-திக்கம் அட்டை உங்களுக்கு நினைவிருக்கும். சில காசுகள் கொடுத்து ஒரு சீட்டைப் பிய்ப்போம். அதில் உள்ள எண்ணுக்கு ஏற்ற பொருள் கிடைக்கும். பெரும்பாலும் மிட்டாய்தான். எப்போதாவது யாரோ ஒருவருக்குப் பெரிய பொம்மை விழும்.

இன்றைய அதிர்ஷ்டப் பெட்டியும் இதே வகைதான். இளையர்கள் இதை 'லூட் பாக்ஸ்' அல்லது 'கச்சா' என்பார்கள். காசு கொடுத்த பிறகுதான் உள்ளே என்ன இருக்கிறது என்பது தெரியும். அது ஒரு கதாபாத்திரமாகவோ ஆயுதமாகவோ உடையாகவோ இருக்கலாம்.

ஆனால் முக்கியமான வேறுபாடுகள் உண்டு. திக்கம்-திக்கம் அட்டையில் சீட்டுகள் ஒரு நாள் தீர்ந்துவிடும். கைப்பேசியில் அவை தீர்வதே இல்லை. அன்று கையில் இருந்த காசு தீர்ந்தால் வீட்டுக்குப் போய்விடுவோம். இன்று கடன்பற்று அட்டை விவரம் கைப்பேசியில் சேமிக்கப்பட்டிருந்தால், விரலை வைத்தாலே அடுத்த பெட்டி திறந்துவிடும். அன்று கிடைத்த மிட்டாய் கைக்கு வந்தது. இன்று கிடைப்பது விளையாட்டுக்குள் மட்டுமே இருக்கும். விளையாட்டை நிறுவனம் மூடிவிட்டால் பரிசும் அதோடு போய்விடும்.

எண்கள் என்ன சொல்கின்றன?

உலகம் முழுவதும் பலர் விளையாடும் 'கென்ஷின் இம்பேக்ட்' என்ற விளையாட்டை எடுத்துக்கொள்வோம். அதில் ஆக உயர்ந்த, ஐந்து நட்சத்திரக் கதாபாத்திரம் ஒரு முறை எடுக்கும்போது கிடைக்கும் அடிப்படை வாய்ப்பு 0.6 விழுக்காடு. அதாவது 1,000 முறைக்கு 6 முறை. 100 பிள்ளைகள் ஆளுக்கு 10 முறை முயன்றால், சுமார் 94 பேருக்கு அது கிடைக்காது.

தொடர்ந்து கிடைக்காதவருக்கு, 90-வது முறையில் ஐந்து நட்சத்திரப் பரிசு ஒன்று உறுதி என்ற விதியும் உண்டு. ஆனால் அது பிள்ளை ஆசைப்பட்ட கதாபாத்திரமாகவே இருக்கும் என்று சொல்ல முடியாது. ஏறக்குறைய பாதி வாய்ப்பில் வேறொன்று வந்துவிடும். அப்படி வந்தால் மறுபடியும் 90 முறை வரை போக வேண்டியிருக்கலாம். அமெரிக்க விலைப்படி சுமார் 100 டாலருக்கு ஏறத்தாழ 50 முறை எடுக்கலாம். அந்தக் கணக்கில் 180 முறை என்றால் சுமார் 360 டாலர். விளையாட்டு இலவசமாகச் சில வாய்ப்புகளைத் தரும் என்பது உண்மை. அவை தீர்ந்த பிறகுதான் காசு கேட்கும் ஆசை தொடங்குகிறது.

பிள்ளைகளால் ஏன் நிறுத்த முடிவதில்லை?

இதைப் பிள்ளையின் பிடிவாதம் என்று மட்டும் எண்ணிவிட வேண்டாம். பெட்டிகள் அமைக்கப்பட்டிருக்கும் விதமே அவர்களைத் தொடர வைக்கிறது.

• எப்போது கிடைக்கும் என்று தெரியாத பரிசு: அமெரிக்க உளவியலாளர் ஸ்கின்னர் புறாக்களை வைத்து ஆராய்ந்தார். எத்தனையாவது கொத்தலுக்குத் தீனி வரும் என்று தெரியாதபோது, புறாக்கள் விடாமல் கொத்திக்கொண்டே இருந்தன. ஜாக்பாட் இயந்திரமும் அதிர்ஷ்டப் பெட்டியும் இப்படித்தான் வேலை செய்கின்றன.

• காசு கண்ணில் படாதது: முதலில் வெள்ளியைக் கொடுத்து 'ரத்தினக் கல்' வாங்க வேண்டும். பிறகு கல்லைக் கொடுத்துப் பெட்டியைத் திறக்க வேண்டும். 160 கல் செலவாகும்போது எத்தனை வெள்ளி போகிறது என்பது பிள்ளைக்கு உறைப்பதில்லை.

• காலக்கெடு: "இந்தக் கதாபாத்திரம் இன்னும் சில நாள்கள் மட்டுமே" என்ற அறிவிப்பு அவசரப்படுத்தும்.

• போட்ட காசு வீணாகிவிடுமே என்ற எண்ணம்: 70 முறை எடுத்த பிறகு, "இன்னும் 20 தானே" என்று மனம் சொல்லும். உறுதிப் பரிசு என்ற விதியே அப்போது தூண்டிலாகிவிடுகிறது.

பெரியவர்களுக்கும் இது பொருந்தும்

ஓய்வு நேரத்தில் கைப்பேசியில் ஜாக்பாட், சீட்டு விளையாட்டுகள் ஆடும் மூத்தோர் உண்டு. தொடக்கத்தில் இலவச நாணயங்கள் தருவார்கள். தீர்ந்ததும் உண்மையான காசு கொடுத்து நாணயம் வாங்கச் சொல்வார்கள். இத்தகைய விளையாட்டுகளில் எத்தனை கோடி நாணயம் வென்றாலும் அதை வெள்ளியாக மாற்ற முடியாது. காசு ஒரு பக்கமாக மட்டுமே போகிறது.

பிற நாடுகள் என்ன செய்துள்ளன?

ஜப்பான் 2012-ல், பல பரிசுகளைச் சேர்த்து ஒரு தொகுதியை முழுமையாக்கினால் பெரிய பரிசு தரும் ஒரு வகை கச்சாவுக்குத் தடை விதித்தது. சீனா 2017-ல், வெற்றி வாய்ப்பு எவ்வளவு என்பதை நிறுவனங்கள் வெளியிட வேண்டும் என்று விதித்தது. பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணையம் 2018-ல், காசு கொடுத்து வாங்கும் இத்தகைய பெட்டிகள் அந்நாட்டுச் சட்டப்படி சூதாட்டம் என்று அறிவித்தது. ஆப்பிள் நிறுவனமும் 2017 இறுதியிலிருந்து, தன் செயலிக் கடையில் உள்ள விளையாட்டுகள் வாய்ப்பு விகிதத்தைக் காட்ட வேண்டும் என்கிறது.

சிங்கப்பூரில் சூதாட்டக்கூடத்துக்குள் நுழைய 21 வயது ஆகியிருக்க வேண்டும். ஆனால் கைப்பேசிக்கு வாசலும் இல்லை, காவலரும் இல்லை. அந்தக் காவலை வீட்டில் நாம்தான் செய்ய வேண்டும்.

கவனிக்க வேண்டிய அறிகுறிகள்

• வங்கிக் கணக்கிலோ அட்டைக் கணக்கிலோ சிறு தொகைகள் அடிக்கடி கழிக்கப்படுதல்
• சாப்பாட்டுக்குக் கொடுத்த காசு விளையாட்டுக்குப் போதல், நண்பர்களிடம் கடன் வாங்குதல்
• செலவைப் பற்றிப் பொய் சொல்லுதல்
• விட்டதைப் பிடிக்க மேலும் காசு போடுதல்
• தூக்கம், படிப்பு, குடும்பத்தோடு சாப்பிடுவது ஆகியவை கெடுதல்

உலகச் சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டில் 'விளையாட்டுக் கோளாறு' இடம்பெற்றுள்ளது. அந்த வகைப்பாடு 2022-ல் நடப்புக்கு வந்தது. விளையாட்டைக் கட்டுப்படுத்த முடியாமை, மற்ற எல்லாவற்றையும்விட அதற்கே முதலிடம் கொடுப்பது, பாதிப்பு தெரிந்தும் தொடர்வது ஆகியவை அதன் அடையாளங்கள். ஒரு நாள் கோபப்பட்டதை வைத்து யாருக்கும் கோளாறு என்று முடிவு செய்துவிடக் கூடாது.

வீட்டில் என்ன செய்யலாம்?

1. உங்கள் கைப்பேசியைப் பேரப்பிள்ளைக்குக் கொடுக்குமுன், அதில் அட்டை விவரம் சேமிக்கப்பட்டிருந்தால் நீக்கிவிடுங்கள். மறைச்சொல்லைச் சொல்ல வேண்டாம். பிள்ளையின் கைவிரல் ரேகையையும் பதிந்து வைக்க வேண்டாம்.

2. ஐஃபோனில் 'ஸ்கிரீன் டைம்' அமைப்புக்குள் சென்று, செயலிக்குள் வாங்கும் வசதியை நிறுத்தலாம். ஆண்ட்ராய்டு கைப்பேசியில், 'கூகல் பிளே' அமைப்பில் ஒவ்வொரு முறை வாங்கும்போதும் மறைச்சொல் கேட்கும்படி செய்யலாம். செய்யத் தெரியாவிட்டால் பிள்ளைகளிடமோ சமூக மன்றத்தில் உள்ள மின்னிலக்கத் தூதர்களிடமோ உதவி கேளுங்கள்.

3. சிறு தொகை கழிக்கப்பட்டாலும் குறுஞ்செய்தி வரும்படி வங்கியில் ஏற்பாடு செய்யுங்கள்.

4. உங்களுக்குத் தெரியாமல் காசு போயிருந்தால் தாமதிக்க வேண்டாம். ஆப்பிள், கூகல் இரண்டிலும் பணத்தைத் திரும்பக் கேட்க வழி உண்டு. வங்கிக்கும் தெரிவியுங்கள்.

5. திட்டுவதற்கு முன் கேளுங்கள். "என்னப்பா, எந்தப் பொம்மைக்காக இவ்வளவு நேரம்? எத்தனை தடவை எடுத்தே? மொத்தம் எத்தனை வெள்ளி ஆச்சு?" என்று பக்கத்தில் உட்கார்ந்து கணக்குப் போடுங்கள். விளையாட்டில் உள்ள வாய்ப்பு விகிதப் பக்கத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். திக்கம்-திக்கம் கதையையும் சொல்லுங்கள். திட்டு வாங்கும் பிள்ளை அடுத்த முறை மறைக்கும். கேட்கப்படும் பிள்ளை அடுத்த முறை முன்கூட்டியே சொல்லும்.

6. பெற்றோருக்குத் தெரியாமல் நீங்கள் காசு கொடுத்து உதவ வேண்டாம். மாதத்துக்கு இவ்வளவுதான் என்று குடும்பமாகப் பேசி ஒரே வரம்பு வையுங்கள்.

உதவி எங்கே கிடைக்கும்?

பிள்ளைக்கோ உங்களுக்கோ செலவைக் கட்டுப்படுத்த முடியவில்லை என்றால், தேசியச் சூதாட்டப் பிரச்சினை உதவி எண் 1800-6-668-668-ஐ அழைக்கலாம். மனநலக் கழகத்தில், பழக்கத்துக்கு அடிமையானவர்களுக்கான தேசியச் சிகிச்சைப் பிரிவையும் 6732 6837 என்ற எண்ணில் அழைக்கலாம். கடன் பெருகும்வரை காத்திருக்க வேண்டாம். சந்தேகம் வந்தவுடனேயே கேட்பது நல்லது.