ஒரு கூரையின் கீழ் இரு பூனைகள்

தருமபுரியிலிருந்து சேலம் செல்லும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை தொப்பூர்க் கணவாயில் சரிந்து இறங்குவதால், அங்கே லாரிகளின் பிரேக் ஓசையும் ஏர் ஹாரனும் இரவிலும் ஓய்வதில்லை. அத்தகைய ஓசையில் மிரண்ட பூனை, மிரட்டியதை எட்ட முடியாமல், பக்கத்தில் படுத்திருக்கும் மற்றொரு பூனையின் மீது பாய்வதுண்டு. திசைமாறிய சினம் எனப்படும் இது, ஊர்சுற்றும் கடுவன், அதாவது ஆண் பூனை, ஜன்னலுக்கு வெளியே வந்து நின்றாலும் மூளும். அதுவரை ஒரே சாக்கில் உறங்கிய இரண்டும் நாள்கணக்கில் பகைத்துக்கொள்ள, வீட்டாருக்குக் காரணம் புலப்படுவதில்லை.

பூனைகள் ஒன்றையொன்று அறிவது பெரிதும் மணத்தால் என்பதால், நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கோ சேலத்துக்கோ சிகிச்சைக்குச் சென்று மருந்து வாடையோடு திரும்பும் பூனையை, வீட்டிலிருந்தது அந்நியமாகக் கருதித் தாக்கக்கூடும்.

சத்தமில்லாத பகையே எளிதில் கண்ணுக்குத் தப்புகிறது. ஒரு பூனை நடைவழியில் அசையாமல் அமர்ந்து, காதுகளைப் பக்கவாட்டில் திருப்பி, வால்நுனியை மட்டும் ஆட்டியபடி மற்றதை உற்றுப் பார்க்கும். மற்றதோ பரணிலேயே முடங்கி, மணல் தொட்டிக்கு வர அஞ்சி, கண்ட இடத்தில் சிறுநீர் கழிக்கும். அஞ்சிய அந்தப் பூனையை அடிப்பது கொடுமை.

அடித்துக்கொண்டு தாமே அடங்கட்டும் என்று விடுவதும் தவறு. ஒவ்வொரு சண்டையும் அச்சத்தை வளர்க்கும். இரண்டையும் தனி அறைகளில் பிரித்து, ஒன்றின் படுக்கைத் துணியை மற்றதன் அறையில் இட்டு, மூடிய கதவின் இருபுறமும் இரை வைத்து, சீறல் நின்ற பிறகே கதவைச் சிறிது சிறிதாகத் திறப்பது பயன் தரும் வழி. இதற்குப் பல வாரங்கள் ஆகலாம். மணல் தொட்டிகள் பூனைகளின் எண்ணிக்கையைவிட ஒன்று கூடுதலாக, வெவ்வேறு மூலைகளில் இருத்தல் நலம். கடுவன்களாயின், சண்டையையும் சிறுநீர் தெளிப்பதையும் பெரிதும் குறைக்கும் கருத்தடை அறுவையை முதலில் செய்துவிட வேண்டும்.

பூனையின் பல் பட்ட காயம் மேலே விரைவில் மூடி உள்ளே சீழ் கட்டுமாதலால், சண்டைக்குப் பின் உடலைத் தடவி வீக்கம் உண்டா எனப் பார்ப்பது அவசியம். சண்டையிடும் பூனைகளுக்கிடையே கையை விடாமல், அட்டையொன்றைக் குறுக்கே நீட்டிப் பிரிக்க வேண்டும். மீறிக் கடிபட்டவர் காயத்தை ஓடும் நீரில் சோப்பிட்டு 15 நிமிடம் கழுவி, அன்றே ஆரம்ப சுகாதார நிலையம் சென்று வெறிநோய்த் தடுப்பூசி குறித்து மருத்துவரிடம் கேட்க வேண்டும்.