மூளையின் படமும் நேரத்தின் அருமையும்

வாதம் என்னும் சொல் காற்றைக் குறிப்பது. உடலிற் காற்று மிகுந்து நோய் செய்வதாகச் சித்த மருத்துவம் கொண்டமையின், ஒரு பக்கத்துக் கையும் காலும் செயலறும் நோய் பாரிசவாதம் எனப் பெயர் பெற்றது. அந்நோயின் இடம் மூளை என்பதை இன்று நாம் படத்திற் காண்கின்றோம்.

இந்நோய் இருவகைப்படும். மூளைக்குக் குருதி செலுத்தும் நாடி அடைபடுதல் ஒன்று. அந்நாடி வெடித்துக் குருதி கசிதல் மற்றொன்று. புறத்தே இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். ஆயின், அடைப்பைக் கரைக்கும் ஊசி மருந்து கசிவுற்றவரின் உயிருக்கே இறுதியாகலாம். எனவே மருந்துக்கு முன் படம் வேண்டும். ஹவுன்ஸ்ஃபீல்ட் அமைத்த சி.ரி. ஸ்கேன் கருவி 1971இல் இலண்டனில் முதன்முதலாக ஒரு நோயாளியின் மூளையைப் படம்பிடித்தது. புதிதாகக் கசிந்த குருதி அதில் வெண்மையாகத் தோன்றும். அடைப்பின் சேதமோ முதற் சில மணி நேரம் அதிற் புலப்படாமலும் இருக்கலாம், எம்.ஆர்.ஐ. படம் அதனை மிக விரைவிற் காட்டவல்லது.

சேதத்தின் வடிவமும் பொருளுடையது. எந்த லயத்துப் பீலி வற்றியது என்பதைக் கொண்டு எந்தக் குழாய் அடைபட்டது என அறிகின்றோம் அன்றோ? அவ்வாறே சேதமுற்ற பகுதியைக் கொண்டு அடைபட்ட நாடியை மருத்துவர் உணர்வர். மூளையின் ஆழத்தே சிறு புள்ளியாயின், நெடுநாள் இரத்த அழுத்தமோ நீரிழிவோ காரணமாகலாம். இரு பக்கமும் சிதறிய புள்ளிகளாயின், கட்டிகள் இதயத்திலிருந்து வந்தனவோ என ஆராய்வர்.

கரைக்கும் மருந்தைப் பொதுவாக நாலரை மணி நேரத்துள் ஏற்றல் வேண்டும். டிக்கோயாவில் 2017இல் கிளங்கன் ஆதார வைத்தியசாலையின் புதிய கட்டடம் திறக்கப்பட்டமை நமக்குப் பெரும்பேறு. எனினும், கண்டிக்கு அனுப்ப நேரின், ஹட்டனிலிருந்து கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை வழியே மலைப்பாதை நீண்டது. தைலம் தேய்த்து, விடியட்டும் எனப் படுக்கவைத்தால் அந்நேரம் வீட்டிலேயே கழிந்துவிடும்.

படம் இடத்தைச் சொல்லும். நோய் தொடங்கிய வேளையைச் சி.ரி. படம் உறுதியாகச் சொல்லாது. பேச்சிழந்த தாயும் சொல்ல இயலாள். அதனைச் சொல்ல வேண்டியவர் உடனிருப்போரே.

ஆதலின் மாணவர்காள், முகம் கோணினும், கை சோரினும், பேச்சுக் குழறினும் முதலில் மணிக்கூட்டைப் பாருங்கள்; அவர் கடைசியாக நலமாயிருந்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். உணவோ, நீரோ, மாத்திரையோ கொடாது, 1990 என்னும் சுவசெரிய இலக்கத்தை அழையுங்கள். லயத்திலுள்ள மூத்தோர்க்கும் இதனை எடுத்துரையுங்கள். நீங்கள் குறித்த அந்நேரமே ஒருவருக்குக் கையையும் சொல்லையும் மீட்டுத் தரலாம்.