உள்மூச்சில் வந்த சத்தம்

இங்கே நோர்வேயில், ஸ்தோவ்னர் ஏற்றத்தில்தான் முதலில் மூச்சு முட்டியது. அது பனிக்காலம். "தொய்வு போல கிடக்கு" என்றார் பக்கத்து வீட்டு அக்கா. குடும்ப வைத்தியரும் அதையே சொல்லி, வாயால் இழுக்கும் மருந்துப் பம் எழுதித் தந்தார். இரண்டு வருசம் இழுத்தேன், ஒரு சுகமும் இல்லை. ஒருநாள் தமிழ்ப் பள்ளிக்கூட வாசலில் மகனுக்குச் சப்பாத்துக் கட்டிவிட்டு நிமிர்ந்தேன். தாதியாக வேலை செய்யும் சிநேகிதி காதைக் கூர்மையாக்கினாள்: "அக்கா, மூச்சை உள்ளுக்கு இழுக்கேக்கையெல்லோ உங்களுக்குச் சத்தம் வருது!"

தொய்வில் பெரும்பாலும் மூச்சை வெளியே விடும்போதுதான் விசில் கேட்கும். உள்மூச்சில் கேட்டால் அடைப்பு மேலே இருக்கலாம். மூக்கு வழியாகக் கமரா விட்டுப் பார்த்தபோது, குரல் நாண்களுக்குச் சற்றுக் கீழே வடு வளர்ந்து, வழியின் முக்கால்வாசியை மூடியிருந்தது. தீவிர சிகிச்சையில் குழாய் போட்டவர்களுக்கும், இரத்தக் குழாய் அழற்சி நோய் உள்ளவர்களுக்கும் இப்படி வருவதுண்டு. எனக்கு இரண்டும் இல்லை. காரணம் தெரியாத இந்த வகை ஏறக்குறைய எல்லாமே பெண்களுக்குத்தான், அதுவும் பெரும்பாலும் நடுவயதில் வருகிறது.

குழாயின் விட்டம் பாதியானால் காற்றுக்கு வரும் தடை இரண்டு மடங்கு என்று நினைத்திருந்தேன். சீராக ஓடும் காற்றுக்கே அது 16 மடங்காம். "போன மாதம் நல்லாத்தானே இருந்தன்" என்று நாங்கள் ஏமாறுவது இதனால்தான். உடம்பு பழகிப் பழகிச் சமாளிக்கும், பிறகு ஒரேயடியாகக் கைவிடும்.

அடைபட்ட இடத்தைப் பலூனால் விரித்த அன்று பின்னேரமே மூச்சு ஆறாகப் போனது. குணமாகிவிட்டது என்று கோயிலில் அர்ச்சனையும் செய்தேன். 11 மாதத்தில் வடு திரும்பி வந்தது. 2020இல் வெளிவந்த ஓர் ஆய்வு என்னைப் போன்ற 810 பேரைத் தொடர்ந்து கவனித்தது. பலூனால் மட்டும் விரித்தவர்களில் 28 வீதமானோருக்கு மறுபடி சிகிச்சை தேவைப்பட்டது. வடுவை வெட்டி மருந்தும் சேர்த்தவர்களில் அது சுமார் 12 வீதம். கெட்டுப்போன பகுதியையே வெட்டி எடுத்துப் பொருத்தியவர்களில் 1 வீதம் அளவுதான். அப்படியென்றால் வெட்டிவிட்டால் முடிந்ததே? ஆனால் அந்தப் பெரிய ஒப்பரேசனுக்குப் பிறகு குரல் தாழ்ந்து தட்டையாகிப் போகலாம். நவராத்திரிக்குப் பாடுகிறவள் நான். பலூனும் வடுவுக்குள் ஸ்டீரொயிட் ஊசியும் போதும் என்றேன். ஊசி போடும்போது விழித்திருக்க வேண்டும், இருமல் பிய்த்தெடுக்கும். ஏழு வருசத்தில் ஐந்து தரம் விரித்தாயிற்று. கடைசி இடைவெளி 20 மாதம்.

என்னைக் காப்பாற்றியது ஒரு சின்னப் பிளாஸ்ரிக் குழல், பீக் புளோ மீற்றர். ஞாயிறு காலையில் மூன்று தரம் ஊதி, கூடியதைக் கலண்டரில் எழுதுகிறேன். விரித்த கிழமை நிமிடத்துக்கு 400 லீற்றர். 250க்குக் கீழே இறங்கினால் வைத்தியசாலைக்கு அறிவிக்கிறேன். "கொஞ்சம் மூச்சு வாங்குது" என்று சொன்ன காலத்தில் வரிசையில் காத்துக் கிடந்தேன். எண்ணைச் சொல்லத் தொடங்கிய பிறகு திகதி கெதியாகக் கிடைக்கிறது.

வேறு ஒப்பரேசனுக்கு மயக்க மருந்து தர வேண்டி வந்தால் சாதாரணக் குழாய் எனக்குள் இறங்காது. அதை நோர்வேயின் மின்னணு மருத்துவப் பதிவேட்டில் அவசரத் தகவலாக எழுதச் சொல்லி வைத்தியரிடம் கேட்டு வாங்கினேன். நினைவிழந்து 113 அம்புலன்ஸ் வண்டியில் போனாலும் அது பேசும். ஒன்று கட்டாயம்: மொழி தடுமாறினால் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். பிள்ளைகளை அதற்குப் பயன்படுத்துவதை இங்கே சட்டமே தடுக்கிறது. வடு திரும்பி வந்த செய்தியை என் மகனின் வாயால்தான் கேட்டேன். அவனுக்கு அப்போது 9 வயது.

பம் இழுத்தும் மாறாத தொய்வு உங்கள் வீட்டில் யாருக்காவது இருந்தால், இன்றிரவு பக்கத்தில் இருந்து கேளுங்கள், சத்தம் உள்மூச்சிலா வெளிமூச்சிலா என்று.