எழுத்தில் உண்டு, நாவில் இல்லை!

(பத்தாம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு மாணவி)



என் சித்தி நெதர்லாந்து நாட்டில் நர்ஸாகப் பணிபுரிகிறார். அந்நாட்டு மொழியாகிய டச்சைப் புத்தகம் பார்த்துப் படித்துவிட்டுத்தான் வேலையில் சேர்ந்தார். முதல் வாரத்திலேயே ஒரு மூதாட்டி, “ஸ்லாப்பெ, ஸ்லாப்பெ” என்று முனகினாராம். சித்தி அகராதியைப் புரட்டினார். அப்படி ஒரு சொல் கிடைக்கவில்லை. பிறகுதான் தெரிந்தது, பாட்டிக்குத் தூக்கம் வரவில்லை என்று! உறங்குதல் என்பதற்கு டச்சில் ‘ஸ்லாப்பென்’ என்று எழுதுவார்கள். பேசும்போது கடைசி ‘ன்’ மறைந்துவிடும்.

விடுமுறையில் வந்த சித்தி எனக்குச் சொல்லித் தந்ததை இங்கே எழுதுகிறேன்.

டச்சில் வினைச்சொற்கள் பலவும், பன்மைச் சொற்கள் பலவும் ‘என்’ என்ற விகுதியில் முடியும். உண்ணுதல் ‘ஏட்டென்’, புத்தகங்கள் ‘பூக்கென்’. பேச்சிலோ இவை ‘ஏட்டெ’, ‘பூக்கெ’ ஆகிவிடும். அந்த ‘எ’ கூட முழு ஓசை அன்று. நம் இலக்கணத்தில் குற்றியலுகரம் குறுகி ஒலிப்பதுபோல அதுவும் குறுகியே ஒலிக்கும்.

எல்லா ‘ன்’னும் மறையுமா? இல்லை. விகுதியின் ‘ன்’ மறையும். பகுதியின் ‘ன்’ நிலைக்கும். ‘தேக்கென்’ என்பது படம் வரைவதைக் குறிக்கும் பகுதி. அதனுடன் விகுதி சேர்ந்தால் ‘தேக்கெனென்’. பேச்சில் அது ‘தேக்கெனெ’ ஆகும். முதல் ‘ன்’ பிழைத்தது, இரண்டாவது போயிற்று!

வடகிழக்கே குரோனிங்கன் பகுதியில் கதை தலைகீழ். அங்கே உயிரோசையை விழுங்கி, மெய்யை வைத்துக்கொள்வார்கள். ‘ஏட்டென்’ அங்கே ‘ஏட்ன்’ ஆகும். ‘ஸ்லாப்பென்’ என்பது ‘ஸ்லாப்ம்’ ஆகும். ‘ப்’ சொல்ல மூடிய உதடு திறவாததால் ‘ன்’னும் ‘ம்’ ஆகிவிடுகிறது.

இன்னொரு விந்தை. கட்டிலுக்கு ஆங்கிலத்தைப் போலவே டச்சிலும் ‘பெட்’ என்றுதான் எழுத்து. ஆங்கிலத்தில் அதன் இறுதி ஓசை ‘பாடு’ என்பதில் உள்ளதுபோல் மெலிந்து வரும். டச்சிலோ ‘பாட்டு’ என்பதில் உள்ளதுபோல் வலித்து வரும். ஆனால் பன்மையில் விகுதி சேர்ந்ததும் மெல்லோசை திரும்பிவிடும். அதனால்தான் ஒருமையிலும் மெல்லோசைக்குரிய எழுத்தையே எழுதுகிறார்கள். மறைந்த ஓசையின் நினைவை எழுத்து காத்து நிற்கிறது.

“இவர்கள் ஏன் சொல்லை முழுதாகச் சொல்வதில்லை?” என்று சித்தி முதலில் அலுத்துக்கொண்டாராம். ஒருநாள் ஊருக்குப் போன் செய்து, “நான் வந்துடுறேன்” என்றபோதுதான் தம் ‘ன்’னைக் கவனித்தார். அது நாவில் படாமல் மூக்கோடு போய்விட்டது!

தோழியரே, விடுதிக்குப் புதிதாக வந்த ஒரு தங்கையின் ஊர்ப்பேச்சைக் கேட்டு நானும் சிரித்ததுண்டு. இப்போது வெட்கப்படுகிறேன். சொல்லின் கடைசி எழுத்தைக் கைவிடுவது அறியாமையன்று; அதற்கும் ஓர் ஒழுங்கு உண்டு. பாட்டியின் சொல்லில் குறை இல்லை. அதைக் கேட்கும் செவிதான் பழக வேண்டியிருந்தது.

இப்போது சித்தி ‘ஸ்லாப்பெ’ என்று கேட்டவுடனே விளக்கை அணைத்து, போர்வையைச் சரிசெய்துவிடுகிறாராம்.