காரைக்குடி என்று பாடிப் பாருங்கள்

ஆகாரம் பாடச் சொன்னால் எல்லோரும் நன்றாகவே பாடிவிடுகிறார்கள். ஈகாரமும் ஊகாரமும் வந்ததும் குரல் சுருங்குகிறது. சொல்லின் கடைசியில் ஐயோ உகரமோ வந்தால் இன்னும் சிரமம். என்னிடம் பாட்டு பழக வருகிறவர்கள் "சுருதி நிக்க மாட்டேங்குது" என்று வருந்துவார்கள். பெரும்பாலும் காதில் குறை இருக்காது. வாயைத்தான் திருத்த வேண்டியிருக்கும்.

பயிற்சிக்கு நம் ஊர்ப் பெயரே போதும். கா-ரை-க்கு-டி: ஆ, ஐ, உ, இ நான்கும் அதில் இருக்கின்றன. வீட்டின் உள்முற்றமான வளவில் நின்று பாடாதீர்கள். அங்கே தூணும் ஆத்தங்குடிக் கல்லும் வழவழப்பான சுவரும் குரலைத் திருப்பி அனுப்பி, பிழையை இனிமையாக்கிவிடும். துணியும் மெத்தையும் நிறைந்த சின்ன அறைக்குப் போங்கள். முகம் தெரிய ஒரு கண்ணாடி வேண்டும். பழைய பெல்ஜியம் கண்ணாடி வீட்டில் இருந்தால் அதன் முன்னாலேயே நில்லுங்கள்.

முதலில் 'கா'. தாடை தானாக விழட்டும். தொல்காப்பியம் அ, ஆ இரண்டுக்கும் வாயைத் திறப்பதை மட்டும்தான் சொல்கிறது. இ, ஈ, எ, ஏ, ஐ ஐந்துக்கும் அதோடு நாக்கின் விளிம்பு மேல்பல்லைத் தொட வேண்டும். உ, ஊ, ஒ, ஓ, ஔ ஐந்துக்கும் இதழ் குவிய வேண்டும். பாடுகிறவருக்கு இதைவிடத் தெளிவான வரைபடம் கிடையாது.

அடுத்து 'டீ' என்று நீட்டுங்கள். இங்கேதான் அதிக நேரம் செலவிட வேண்டும். ஓர் ஆச்சி ஈகாரம் வந்தாலே உதட்டை இழுத்துப் பல்லைக் கடித்துக்கொள்வார். "ஈன்னா சிரிக்கணும்னு சின்ன வயசுல சொல்லிக் குடுத்தாங்க" என்றார். "உதட்டை விடுங்க ஆச்சி, நாக்கு பாத்துக்கும்" என்று சொல்லி, முன்பற்களுக்கு நடுவே சுண்டுவிரல் நுனியை வைத்துக்கொண்டு பாடச் சொன்னேன். நாக்கின் ஓரம் மேல்பல்லை விடவில்லை, தாடை மட்டும் இறங்கியது. அதே ஈகாரம்தான், ஆனால் குரல் இரண்டு மடங்கு அகலமாகக் கேட்டது. அவர் கண்ணாடியில் தன் வாயையே வியப்போடு பார்த்துக்கொண்டிருந்தார்.

மேல் ஸ்தாயியில் இந்த இறக்கம் கட்டாயம் வேண்டும். 5 கட்டையில் பாடும் பெண்ணின் மேல் ஸட்ஜம் சுமார் 392 ஹெர்ட்ஸ். ஈகாரத்துக்கும் ஊகாரத்துக்கும் வாயறை ஒத்து அதிர்ந்து துணைக்கு வரும் முதல் இடம் ஏறக்குறைய 300 ஹெர்ட்ஸ்தான். சுரம் அதைத் தாண்டியதும் அந்தத் துணை போய், தொண்டை தனியாக முக்குகிறது. ஆகாரத்துக்கு அந்த இடம் 700-ஐ ஒட்டி இருப்பதால்தான் அது எளிது. தாடையை இறக்கினால் ஈகாரத்துக்கும் அந்த இடம் மேலே ஏறும். மேலை நாட்டு உச்சக்குரல் பாடகிகளும் இதையே செய்கிறார்கள். சரளி வரிசையிலும் கவனியுங்கள்: ஏழு சுரங்களில் ரி, நி இரண்டுக்கு மட்டுமே இகரம். ஸ-நி-த-ப என்று மெதுவாக இறங்கி, 'நி'யில் தாடை மூடுகிறதா என்று பாருங்கள்.

'ரை'யில் நீளம் முழுவதும் அகரத்துக்கே. கடைசி நொடியில் 'ய்' என்று தொட்டு முடியுங்கள். முன்கூட்டியே 'ய்'க்குப் போனால் குரல் சுருங்கிவிடும். தேவகோட்டை என்று பாடிப் பழகினால் நன்றாகப் பிடிபடும். ஔகாரத்துக்கும் இதே வழிதான், கடைசியில் 'வ்'. எ, ஏ சொல்லின் முதலில் வந்தால் 'யெ', 'யே' என்று வழுக்காமல் இருந்தால் போதும்.

'கு'வை 'கூ' என்று நீட்டும்போது உதட்டை முன்னே குவியுங்கள், தொண்டையைக் குவிக்காதீர்கள். கோவிலூர் நல்ல பயிற்சி.

கடைசிப் படி குற்றியலுகரம். வீடு, பாட்டு, விளக்கு என்னும் சொற்களின் ஈற்று உகரத்துக்கு அரை மாத்திரைதான், உதடும் குவிவதில்லை. தெலுங்கில் ஈற்று உகரம் முழுதாக ஒலிக்கும். தெலுங்குக் கீர்த்தனைகளில் பழகிய வாய் தமிழிலும் 'பாட்டூ' என்று இழுத்துவிடுகிறது. தமிழ்ப் பாட்டும் மேடையேற வேண்டும் என்றே கானாடுகாத்தானில் பிறந்த ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் 1943-இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் கண்டார். மேடைக்குத் தமிழ்ப் பாட்டு வந்த பிறகும் தமிழின் உகரம் வராமல் இருப்பது எனக்குப் பொறுக்கவில்லை. நீளத்தை 'பா'விலேயே தீர்த்துவிட்டு, 'ட்டு'வை லேசாக விட்டுவிடுங்கள். மெட்டு ஈற்றிலேயே நிற்கச் சொன்னால் மட்டும் உதட்டைச் சற்றுக் குவித்து நில்லுங்கள்.

இத்தனையும் ஒரு வாரம் பழகிய பின் வளவுக்கு வாருங்கள். வீட்டில் யாரையாவது மறுகோடியில் முதுகைக் காட்டி உட்காரவைத்து, அவருக்குத் தெரியாத பத்து ஊர்ப் பெயர்களைப் பாடுங்கள். காதில் விழுந்ததை அவர் எழுதட்டும். எந்தப் பெயர் தப்பாக எழுதப்பட்டதோ, மறுநாள் அதிலிருந்து தொடங்குங்கள்.